ஒரு விரல் நிலம்

லந்தார் மலையூரில் நிலம் வாங்க வந்தவர்கள் அதுவரை இரண்டே பேர். முதல் ஆள் ருத்தெங் நகரத்துக் கடைக்காரர். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க மூங்கில் குடில்கள் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு மழைக்காலத்தில் வந்தார். பதினோரு நாள் மூடுபனி விலகவேயில்லை. வாங்க வந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமலே பன்னிரண்டாம் நாள் காய்கறி லாரியில் ஏறிப் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவள் தெக்லா.

தெக்லாவுக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. அங்கே நின்றால் என்ன தெரியும் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

லந்தாருக்கு எதிரே, ஆற்றைத் தாண்டி, ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அதன் அடியில் வை நிலிங் என்று இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. நான்கு வருடங்களுக்கு முன், மார்ச் மாத மழையில், ஒரு விடியற்காலை அந்தச் சரிவு அப்படியே இறங்கி வந்து வீடுகளின் மேல் படுத்துக்கொண்டது. தெக்லா அப்போது காப்பிக்கொட்டை மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தாள். அவள் கணவன் மார்செல், ஒன்பது வயது மகள் செலின், ஐந்து வயது மகன் நோவென், மூவரும் வீட்டில் இருந்தார்கள். ஒன்பது நாள் தோண்டினார்கள். பிறகு பாதிரியார் வந்து சரிவு முழுவதற்கும் தீர்த்தம் தெளித்து, மலை மொத்தமும் ஒரே கல்லறை என்று சொல்லிவிட்டுப் போனார். தப்பித்தவர்களுக்குக் கடற்கரையோரம் அரசாங்கம் வரிசை வீடு கட்டிக் கொடுத்தது. தெக்லாவுடையது ஏழாம் எண். முன்கதவைத் திறந்தால் கடல். பின்கதவைத் திறந்தால் அடுத்த வரிசையின் கழிப்பறைகள். எந்தப் பக்கமும் மலை கிடையாது. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நான்கு வருடம் அங்கே இருந்தாள். ராத்திரி அலைச்சத்தம் கேட்கும்போதெல்லாம் மலை இறங்குகிறது என்று எழுந்து உட்காருவாள்.

அந்தக் கடற்கரைச் சந்தைக்குக் காப்பி விற்க வந்த ரோஃபினுஸ் என்ற லந்தார்க்காரர்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "என் கொல்லை ஓரத்துல நின்னா வை நிலிங் சரிவு நேரா தெரியும். என் பையங்க ரெண்டு பேரும் கலிமந்தானுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போயிட்டானுங்க. யாரு உழறது? வாங்குறியா?"

தெக்லா விலையைக் கேட்கவில்லை. எப்போது வரலாம் என்று கேட்டாள்.

*

செப்டம்பர் கடைசியில், முதல் மழைக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் ரோஃபினுஸ் ஒரு சேவலைக் கையில் ஏந்தி நின்றார். விருந்தாளிக்கு முன்னால் சேவலைப் பிடித்துக் கள் ஊற்றிக் கொடுத்துத்தான் அங்கே பேச்சே தொடங்கும். சேவல் அவர் மணிக்கட்டைக் கொத்தியது.

"வா எனு, வா," என்றார் மகளை அழைப்பது போல. "உன்ன வரவேற்கத்தான் பிடிச்சேன். இதுக்கு அது புரியல."

"புரிஞ்சதாலதான் கொத்துது," என்றான் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சிப்ரி. ரோஃபினுஸின் மனைவிக்குத் தம்பி. "போன வருஷத்துலேர்ந்து வர்றவங்க எல்லாருக்கும் இதே சேவலத்தான் காட்டுறாரு. ஒருத்தருக்கும் அறுத்ததில்ல. அதுக்கும் சலிச்சுப் போச்சு."

"கேசா," என்று மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்டார் ரோஃபினுஸ், "நீ உன் பன்னியப் பாரு. எங்க வீட்டுச் சேவலப் பத்திப் பேசாத."

"என் பன்னிய நான் எங்கேர்ந்து பாக்குறது, உங்க மரவள்ளிக்குள்ளயில்ல இருக்கு."

ரோஃபினுஸின் மனைவி ஒடிலியா உள்ளிருந்து வந்து தெக்லாவின் பையை வாங்கிக்கொண்டாள். "இவனுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்காத. உள்ள வந்து காப்பி குடி."

அன்று சாயங்காலம் சோளச் சோறும் பூசணித்தண்டுக் கறியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தெக்லா முதலில் தன் தட்டிலிருந்து மூன்று சின்னக் கவளம் எடுத்து, வாழையிலைத் துண்டில் தனித்தனியாக வைத்து, சுவரோரம் தள்ளினாள். பிறகுதான் சாப்பிட்டாள். ரோஃபினுஸ் தகரத்தின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கூரை ஒழுகுகிறதாம், நிலம் விற்றதும் முதல் வேலை தகரம்தானாம். ஒடிலியா மட்டும் அந்த மூன்று கவளத்தைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் அந்த இலையை மட்டும் எடுக்காமல் விட்டாள்.

காலையில் ரோஃபினுஸ் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப் போனார்.

லந்தாரின் கொல்லை வட்டமானது. நடுவில் ஒரு முளை. அந்த முளையிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல வரப்புகள் புறப்பட்டு, வட்டத்தின் விளிம்பு வரை போகும். ஊரில் முப்பத்தாறு வீடு; வீட்டுக்கு ஒரு துண்டு, விரல் என்று அதற்குப் பேர்; ஒவ்வொரு துண்டும் நடுவில் ஊசிமுனையாகத் தொடங்கி விளிம்பில் அகலும். பதினான்கு வருடம் தரிசாகக் கிடந்த கொல்லையை அந்த வருடம்தான் மறுபடி திறக்கப் போகிறார்கள். புதரை வெட்டி எரித்திருந்தார்கள். பழைய வரப்புகள் சாம்பலுக்குள் மங்கலாகத் தெரிந்தன. நடு முளை மக்கிப் போய்விட்டது. புது முளை நட்ட பிறகுதான் துண்டு பிரிக்க வேண்டும்.

விளிம்பில் நின்றபோது பனி மூடியிருந்தது. தெக்லா காத்திருந்தாள். ரோஃபினுஸ் ஒரு சுருட்டை முடித்து இரண்டாவதைப் பற்றவைத்தார். எங்கோ கீழே ஆற்றின் சத்தம் வந்தது. பிறகு, யாரோ பாயைச் சுருட்டுவது போல, பனி கீழிருந்து மேலே எழுந்தது. முதலில் ஆறு. அப்புறம் மூங்கில் புதர்கள். அப்புறம் சரிவின் அடி, நடு, தோள்.

கடைசியாக அவள் பார்த்தபோது அது சிவப்பாக, உரித்த தோல் போல இருந்தது. இப்போது பச்சை. பெரணி, காட்டு இஞ்சி, இளம் மரங்கள். எல்லாம் வெயிலில் ஈரமாக நின்றன. சரிவு மூச்சுவிடுவது போல அதன் மேல் ஆவி எழுந்தது. அவ்வளவு பெரியதாக அவள் நினைவில் அது இல்லை. மூன்று பேரை விழுங்குவதற்கு அது தேவைக்கு மேல் பெரியது. மூன்று பேர் படுத்துத் தூங்குவதற்கோ, அதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று தோன்றியது. அந்த எண்ணம் தனக்கு வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தலைத்துணியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் நிற்பவள் போல நின்றாள்.

"இந்த இடந்தான்," என்றாள்.

"பின்ன? நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றார் ரோஃபினுஸ்.

*

தப்பு அன்று மதியம் நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள்.

வீடும் காய்கறித் தோட்டமுமாக முப்பது மீட்டர் அகலம், ஐம்பது மீட்டர் நீளம் என்று பேச்சு. பத்திரம் எழுத வேண்டுமானால் நாலு மூலையும் நேராக இருக்க வேண்டும் என்று நகரத்தில் தெக்லாவுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் பிறந்த வை நிலிங்கில் ஆற்றோரத்து நெல்வயல்கள். எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் இருந்தன. அதனால் அவளுக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. ரோஃபினுஸுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் கண்ணுக்குத் தகரம் தெரிந்துகொண்டிருந்தது.

நாடாவைப் பிடித்தார்கள். விளிம்பில் முப்பது மீட்டர் சரியாக இருந்தது. இரண்டு முளைக்குச்சி அடித்தார்கள். ஐம்பது மீட்டர் உள்ளே போய் மறுபடி பிடித்தார்கள். நாடா அங்கேயும் முப்பதுதான் காட்டியது. நிலம் குறுகிவிட்டது நாடாவுக்குத் தெரியாது. உள்பக்கத்து இரண்டு குச்சிகளில் ஒன்று சிப்ரியின் துண்டில் நின்றது. இன்னொன்று அந்தப் பக்கம் தோமினுடைய துண்டில்.

மறுநாள் காலை சிப்ரி தன் பன்றியை அந்தக் குச்சியில் கட்டியிருந்தான்.

"கேசா," என்று ரோஃபினுஸ் கத்தினார், "அது விலை பேசின இடம். பன்னிய அவுரு."

"என் எடத்துல யாரோ புண்ணியவான் குச்சி நட்டுவச்சிருந்தாங்க. பன்னி கட்டத்தான்னு நெனச்சேன். நன்றி சொல்லலாம்னு ஆளத் தேடிக்கிட்டிருக்கேன்."

"ஆறு மீட்டருக்கு இவ்வளவு பேச்சா?"

"ஆறு மீட்டர் இல்ல. எங்க அப்பா விரல். அதுல நீங்க நகத்தக் கடிச்சிட்டீங்க."

தோமின் பேசாத ஆள். தன் பக்கத்துக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நேரே பந்தூர் வீட்டுக்கு நடந்தார். மற்ற மூவரும் பின்னால் போனார்கள்.

பந்தூர்தான் அந்த ஊரின் நிலத்தலைவர்; கிராயெங் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். துண்டு பிரிக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு உரியது. அப்பா இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஐம்பது வயது, வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைப்பவர், பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். துண்டு பிரிப்பதைப் பதினான்கு வருடம் முன்னால் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சதுரமா?" என்றார். "வட்டத்துக்குள்ள சதுரமா போட்டீங்க?"

"பத்திரம், கிராயெங்," என்றார் ரோஃபினுஸ் மெதுவாக.

"பத்திரத்துல சோளம் மொளைக்குமா?" பந்தூர் தெக்லாவின் பக்கம் திரும்பினார். "எனு, இங்க நிலம் ஓரத்துலேர்ந்து வெட்டித் தர்றது இல்ல. நடுவுலேர்ந்து பொறந்து வரணும். கோழியும் கள்ளும் கொண்டாந்து கேக்கணும். விக்கிற வாங்குற பேச்சு கெடையாது. வீடுதான வேணும்? ஊருக்குள்ளயே எடம் தர்றேன். சர்ச்சுக்குப் பக்கத்துல. தண்ணிக் குழா கிட்ட."

"அங்கேர்ந்து என்ன தெரியும் கிராயெங்?"

"சர்ச்சு தெரியும்."

"எனக்கு அந்தச் சரிவு தெரியணும்."

பந்தூர் அவளைப் பார்த்தார். வை நிலிங் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்த ஒன்பது நாளும் லந்தார் ஆண்கள் மண்வெட்டியோடு ஆற்றைக் கடந்து போனவர்கள்தான். சிப்ரி பன்றியை அவிழ்க்கப் போய்விட்டான்.

"வர்ற வியாழக்கிழமை முளை நடுறோம்," என்றார் பந்தூர். "கோழியோட வா. ஆனா முன்னாடியே சொல்லிடறேன். முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு விரல். வட்டம் நெறஞ்சு கெடக்கு. எடம் இல்லன்னா இல்லதான். என்னால வட்டத்த ஊதிப் பெருசாக்க முடியாது."

*

வியாழக்கிழமை ஊர் முழுக்கக் கொல்லையின் நடுவில் கூடியது. தெக்லா ஒரு வெள்ளைச் சேவலை வாங்கி வந்திருந்தாள். ஒடிலியா கள் குடுவையைத் தூக்கி வந்தாள். பணம் ஏழாம் எண் வீட்டிலிருந்து கொண்டுவந்த பையிலேயே கிடந்தது. அதற்கு இனி வேலை இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. பணம் இருந்தால் ஒருவரிடம் கேட்டால் போதும். இப்போது முப்பத்தாறு வீட்டிடம் கேட்க வேண்டும்.

முளையை நட்டார்கள். அதைச் சுற்றி மூங்கில் பத்தையை வளைத்து ஒரு வளையம் கட்டினார்கள். ஒரு சின்னச் சோற்றுத்தட்டின் அகலம்தான் இருக்கும். பந்தூர் மண்டியிட்டுத் தன் விரலை வளையத்தின் மேல் வைத்து, நகத்தால் கீறி, விரலை நகர்த்தி, மறுபடி கீறினார். ஒரு கீறலுக்கும் அடுத்த கீறலுக்கும் இடையில் ஒரு வீட்டின் நிலம். ஒவ்வொரு வீட்டின் பேரையும் சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தாறாவது கீறல் முதல் கீறலில் வந்து முட்டியது. கூட்டம் மூச்சுவிட்டது. அவர் அப்பாவின் கணக்கு தப்பவில்லை.

தெக்லா சேவலை மார்போடு அணைத்து நின்றாள். அந்த வளையத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய கொல்லை, நடந்தால் கால் வலிக்கும் கொல்லை, ஒரு தட்டுக்குள் மடங்கிக் கிடந்தது. அதற்குள்தான் அவளுக்கு இடம் இல்லை.

அவள் சார்பாக ரோஃபினுஸ் பேசினார். கேட்க வேண்டிய முறைப்படி கேட்டார். பந்தூர் வளையத்தைக் காட்டினார்.

"பாத்துக்கங்க. நீங்களே எண்ணுங்க. எங்க வைப்பேன்? அப்பிடியே வச்சாலும் ஒத்த ஆளு. ஒத்த ஆளுக்கு அரை விரல்தான் முறை."

"ஒத்த ஆள் இல்ல," என்றாள் ஒடிலியா.

முளையருகே பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. எல்லோரும் திரும்பினார்கள். ஒடிலியா கள் குடுவையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு வாரமா என் வீட்டுல சாப்புடறா. ஒவ்வொரு வேளையும் நாலு பங்கு வைக்கிறா. மூணு பேருக்கு வச்சுட்டுத்தான் தான் வாயில வைக்கிறா. வருஷக் கடைசியில நாம நம்ம செத்தவங்களுக்குச் சோறு வைக்கிறோமே, எந்த நெலத்துச் சோறு வைக்கிறோம்? நம்ம நெலத்துச் சோறுதான? அந்த மூணு பேருக்கு எந்த நெலத்துலேர்ந்து வைப்பா? கடையில வாங்கியா வைப்பா?"

பந்தூர் மறுபடி வளையத்தின் பக்கம் குனிந்தார்.

"நாலு பேர் சாப்புடற வீடு," என்றார் பந்தூர் கடைசியில். "அப்ப முழு விரல். எங்கப்பா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு. ஆனா எங்க வைக்கிறதுன்னு அவரும் சொல்லியிருக்கமாட்டாரு."

அப்போது சிப்ரி முன்னால் வந்தான். வளையத்தின் அருகே குந்தி உட்கார்ந்து தன் வீட்டுக் கீறலைத் தேடினான். இடுப்புக் கத்தியை எடுத்து, பழைய கீறலுக்கு உள்பக்கமாக, ஒட்டினாற்போல, முடிக்கனம் தள்ளிப் புதுக்கீறல் ஒன்று போட்டான்.

"விளிம்புல ஒரு தப்படி போகும்," என்றான் எழுந்துகொண்டே. "பன்னி தாண்டுற தூரந்தான்."

தோமின் வந்தார். கத்தியை வாங்கி, தன் கீறலை நகர்த்தினார். அவருக்கு அடுத்தவர் வந்தார். தள்ளிப்போன கீறல் பக்கத்துக் கீறலைத் தள்ளியது. அது அடுத்ததைத் தள்ளியது. கத்தி கைமாறிக்கொண்டே வட்டத்தைச் சுற்றியது. சிலர் உட்காரும்போது முனகினார்கள், முழங்கால் வலியில். கலிமந்தானில் இருக்கும் மகனுக்காக ஒரு தகப்பன் கீறினார். ஒரு பெண், கணவன் சந்தைக்குப் போயிருந்ததால் தானே கீறினாள். ஒரு ஆள், "ரெண்டு முடிக்கனம் போட்டுட்டேன் போலிருக்கு, கண்ணு தெரியல," என்றார். "போனது போகட்டும், உன் எடத்துல கல்லுதான இருக்கு," என்றார் இன்னொருவர். பெரிய வேலை எதுவும் நடப்பதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. தெக்லாவை யாரும் பார்க்கவும் இல்லை.

அவள் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிப்ரியின் கீறலுக்கும் ரோஃபினுஸின் கீறலுக்கும் நடுவில், சரிவைப் பார்த்த பக்கம், முதலில் ஒரு நூல் அளவு திறந்தது. பிறகு ஈர்க்குச்சி அளவு. வெடித்த விதை வாய் திறப்பது போல அது மெல்ல மெல்ல அகன்றது. கத்தி முழுச் சுற்று வந்து ரோஃபினுஸின் கைக்கு வந்தபோது அவர் சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என் தகரம் போச்சு," என்றார்.

"வீடு யாரு கட்டுறது? நீங்கதான கட்டணும். கூலி வாங்கித் தகரம் போடுங்க," என்றாள் ஒடிலியா. "கீறுங்க."

கீறினார். பந்தூர் குனிந்து, அந்தத் திறப்பில் தன் விரலை வைத்தார். விரல் சரியாக உட்கார்ந்தது. அவரே நம்பாதவர் போல விரலை எடுத்துப் பார்த்தார்; மறுபடி வைத்தார்.

"வீட்டுப் பேரு?" என்றார்.

"மார்செல் வீடு," என்றாள் தெக்லா.

பந்தூர் சேவலை வாங்கினார். அதன் ரத்தம் முளையில் பட்டது. கள்ளைச் சுற்றி ஊற்றினார். முப்பத்தேழு வீட்டின் பேரையும் முதலிலிருந்து சொன்னார். அவள் வீட்டின் பேர் கூட்டத்தின் நடுவில், சிப்ரி வீட்டுக்கு அடுத்து, பழகிய பேர் போல வந்து போனது.

*

கூட்டம் சேவலைச் சுடப் போன பிறகு தெக்லா முளையருகே தனியாக நின்றாள். தன் இரண்டு கீறலிலிருந்தும் இழுத்துக் கட்டிய இரண்டு கொடிகளுக்கு நடுவில் கால் வைத்தாள். முதல் அடிக்கு இடம் போதவில்லை; ஒரு பாதத்தின் பின்னால் இன்னொரு பாதத்தை வைத்து, கயிற்றில் நடப்பவள் போலத்தான் நடக்க முடிந்தது. நாலைந்து அடி போனதும் இரண்டு பாதமும் அடுத்தடுத்து நின்றன. இன்னும் போனதும் ஒரு ஆள் தாராளமாக நடக்கலாம். பத்துப் பதினைந்து தப்படி தள்ளி, கையை விரித்தால் கொடிகளைத் தொட முடியவில்லை. ஒருவர் பக்கத்தில் நடக்கலாம். இன்னும் போனால் நாலு பேர் கைகோத்துக்கொண்டு நடக்கலாம். சாம்பல் காலடியில் மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு தப்படிக்கும் நிலம் அவளுக்கு இரண்டு பக்கமும் விலகி வழி விட்டது.

விளிம்பில் நின்று அகலத்தைத் தப்படி போட்டுப் பார்த்தாள். முப்பத்தேழு. முப்பத்தாறு வீட்டிலிருந்து வந்தது அது. எதிரே சரிவு மத்தியான வெயிலில் பச்சையாக நின்றது. மேகத்தின் நிழல் ஒன்று அதன் மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது, தோளில் குழந்தையைச் சுமந்து போகும் ஆள் போல.

ஒடிலியா இலையில் கறியும் சோறும் கட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சிப்ரியும், அவன் பின்னால் அவன் நாயும். தெக்லா மூன்று பங்கு எடுத்து, மூன்று இலைத்துண்டில் வைத்து, சரிவைப் பார்த்தாற்போல விளிம்பில் வரிசையாக வைத்தாள். அவள் கையை எடுப்பதற்குள் நாய் புகுந்து கடைசி இலையில் வாய் வைத்துவிட்டது.

"சீ, நாயே," சிப்ரி பதறிப்போய்க் கல்லை எடுத்தான். "எனு, மன்னிச்சிடு. மொதல் நாளே இப்பிடி. இத நான் இன்னிக்கே—"

"விடுங்க," என்றாள் தெக்லா. "அது என் சின்னவனோடது. அவன் எப்பவும் தன் கறிய நாய்க்குத்தான் போடுவான்."

சிப்ரி கல்லைக் கீழே போட்டான். நாய் இலையைச் சுத்தமாக நக்கி முடித்து, இன்னும் உண்டா என்று அவளைப் பார்த்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வந்ததும் தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒடிலியா பக்கத்தில் சாம்பல் மேலேயே உட்கார்ந்து, தன் பங்கிலிருந்து ஒரு துண்டுக் கறியை எடுத்துக் காலியான இலையில் வைத்தாள்.

"அவனும் சாப்புடட்டும்," என்றாள்.